பன்னிப்பாறையில செத்துப்போன என் சம்பந்தி

பேரன் மூக்கு எங்க பக்கம்தான், அதுல சந்தேகமே வேண்டாம். யாரும் கேக்கலதான். இருந்தாலும் இப்பவே சொல்லிடறேன், இல்லேன்னா மாப்பிள்ளை பக்கம் மல்கோன் வீட்டுக்காரங்க வந்து மூக்கையும் சொந்தம் கொண்டாடுவாங்க. காதை வேணா எடுத்துக்கட்டும். அந்தக் காது அவங்க தாத்தன் காதேதான், காத்தடிச்சா படகுப் பாய் மாதிரி விரியும். பையன் பொறந்து இன்னியோட ஆறு நாளு. நாலு கிலோ இருக்கான். மீன் தராசுல வச்சு நானே நிறுத்தேன். என் பொண்ணு அஸெனோர் படுக்கையிலேருந்து கத்தினா: "அப்பா, அந்தத் தட்டைக் கழுவினீங்களா?" கழுவினேன். பாதி கழுவினேன்.

பேரு துவால். என் பேரு கோனன், அதை வைக்கல. என் சம்பந்தி பேருதான் பையனுக்கு. அந்தப் பேரு வைக்கறதுக்குள்ள ஊரே சிரிச்சுப் போச்சு. அது ஏன்னு சொல்லணும்னா சம்பந்தி துவால் மல்கோன் கதையைச் சொல்லியாகணும். அவன் செத்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. இப்ப உள்ளதான் உக்காந்து காப்பி குடிக்கிறான், என் கோப்பையில.

பன்னிப்பாறையைப் பாத்திருப்பீங்க. தண்ணி ஏறினா இருக்கற இடமே தெரியாது. தண்ணி வத்தினா முதுகை மட்டும் காட்டும், ஒரு படகு நீளம் கூட இல்ல. பின்னாலயே குட்டிப் பாறைங்க ஏழெட்டு. அந்தப் பன்னி எத்தனை கப்பலைத் தின்னுச்சுன்னு எண்ணணும்னா எங்க தீவுல இருக்கற வீட்டு உத்தரங்களை எண்ணினாப் போதும். இங்க மரம் ஏது? எல்லாம் கப்பல் மரம். என் வீட்டுப் பன்னிக் கொட்டடிக் கதவுல இங்கிலீஷ்ல "கேப்டன்"னு எழுதியிருக்காம், படிச்சவங்க சொல்றாங்க. உள்ள இருக்கறதும் ஒருமாதிரி கேப்டன்தான். ஒரு குளிர்காலம் புயலில்லாம போயிட்டா பொம்பளைங்க முனகுவாங்க: "இந்த வருஷம் அடுப்புக்கு என்ன பண்றது?" அப்படிப்பட்ட பக்தியான ஊரு எங்க ஊரு.

அந்தப் பாறை மேல கவர்மெண்ட்டு விளக்கு கட்டப் போறேன்னு வந்து நின்னுச்சு. எஞ்சினியர் ப்ரெமோன்னு ஒருத்தர். கண்ணாடி, கடிகாரம், குடை. எங்க ஊர்க் காத்துல குடை பிடிச்சவரு அவரு ஒருத்தர்தான். மூணு குடை கடலுக்குப் போச்சு, நாலாவதும் கொண்டு வந்தாரு. அதுலயே தெரிஞ்சு போச்சு, இந்தாளு விளக்கைக் கட்டாம விடமாட்டாருன்னு.

ஆள் கேட்டாரு. யாரும் வரல. அடுப்பு விறகைக் கெடுக்கற வேலைக்கு எவன் போவான்? துவால் போனான்.

"ஏன்டா?"ன்னு கேட்டேன்.

"அந்தப் பன்னி மேல நின்னு ஒண்ணுக்கு அடிக்கணும்னு சின்ன வயசுலேருந்து ஆசைடா."

விளக்கோட வரலாறுன்னு பெரிய மனுஷங்க என்னென்னமோ எழுதி வச்சிருக்காங்களாம். அது ஆரம்பிச்சது இப்படித்தான்.

அவன் பின்னாலயே இன்னும் நாலு பேரு போனோம். முதல் வருஷம் பூரா ஒன்பது தடவைதான் பாறை மேல கால் வைக்க முடிஞ்சது. எல்லாத்தையும் கூட்டினா ஆறு மணி நேர வேலை. அதுல அஸ்திவாரக் கம்பி நட பதினாலு ஓட்டை. எப்படின்னா, தண்ணி நல்லா வத்தற நாள்ல ரெண்டு பேரு இடுப்புல தக்கைப் பட்டை கட்டிக்கிட்டுப் பாறை மேல குப்புறப் படுத்துக்கணும். ஒருத்தன் உளியைப் பிடிக்கணும், இன்னொருத்தன் சுத்தியலால அடிக்கணும். பக்கத்துலயே ஒரு சின்னப் படகு. அதுல ஒருத்தன் அலை பாக்கணும். பெரிய அலை வந்தா "பிடி!"ன்னு கத்தணும். உடனே அவங்க எல்லாத்தையும் விட்டுட்டுப் பாறையைக் கட்டிப் பிடிச்சுக்குவாங்க, புதுப் பொண்டாட்டியைப் பிடிக்கற மாதிரி. அலை மேல ஏறிப் போகும். எழுந்து, துப்பிட்டு, மறுபடி அடிப்பாங்க. எஞ்சினியர் தூரத்துல நீராவிப் படகுல நின்னு, "இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு!"ன்னு குழாய்ல கத்துவாரு. அந்த ஒன்பது நிமிஷத்துல அவரும் ஒரு ஓட்டை போட்டிருக்கலாம்.

அலை பாத்துக் கத்தற வேலை எனக்கு. ஊருலயே பெரிய தொண்டை என்னோடதுதான். மத்த நாள்ல நான் கரையில உக்காந்து வலை பின்றவன். கடலுக்கு அவ்வளவாப் போறதில்ல. "கோனனுக்கு நல்ல கை, அந்தக் கையைக் கடல்ல வீணாக்கக் கூடாது"ன்னு ஊருல பேசிக்குவாங்க. அந்தப் பேச்சை ஆரம்பிச்சு விட்டது நான்தான்.

ரெண்டாவது வருஷம் ஆகஸ்ட்டு மாசம். துவாலும் ஃபியாக்ருன்னு ஒருத்தனும் பாறை மேல படுத்திருந்தாங்க. பெரிய அலை ஒண்ணு வந்துச்சு. ஃபியாக்ரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டான். துவாலைக் காணோம். பத்து நிமிஷத்துல மூடுபனி. தண்ணி ஏறற வரைக்கும் சுத்திச் சுத்தித் தேடினோம். தக்கைப் பட்டை மட்டும் மிதந்து வந்துச்சு.

எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டாரு. "நீதானே அலை பாத்தே? அவன் முழுகினதைப் பாத்தியா?"

"பாத்தேன்யா. இந்தக் கண்ணால பாத்தேன். மூணு தடவை மேல வந்தான். நாலாவது தடவை வரல."

அந்த மூணு தடவையைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

கடல்ல போனவன் உடம்பு கிடைக்கலேன்னா எங்க தீவுல மெழுகுல ஒரு சின்னச் சிலுவை பண்ணி, அதையே உடம்பா வச்சு எல்லாம் செய்வோம். வீட்டு மேசையில வெள்ளைத் துணி விரிச்சு அதுல படுக்க வைக்கணும். மறுநாள் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயி, பூசை முடிஞ்சதும் சுவத்துல இருக்கற பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்க. அதுக்கு ஒரு மாசம் காத்திருக்கணும்னு வழக்கம், ஆள் திரும்பி வந்துட்டா? ஆனா முழுகினதைப் பாத்த சாட்சி இருந்தா காக்க வேண்டாம். சாட்சி நான். பங்குச் சாமி கெர்வெல்லாவுக்கும் அந்த வாரம் பிஷப்பைப் பாக்கப் போற அவசரம். மறுநாளே முடிச்சாச்சு. கோயில் நிறைய ஜனம். அந்த மெழுகு மேல கையை வச்சு, "பாத்தேன்"னு சத்தியம் பண்ணினேன். துவால் பொண்டாட்டி பெரின் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. கல்லு மாதிரி நின்னா. நான் அழுதேன். அழுதுகிட்டே காஞ்ச புல்மண் கட்டி நெருப்புல வெந்த ஆட்டுக்கறி மூணு தட்டு தின்னேன். நாலாவது தட்டு கேட்டதா ஒரு பேச்சு இருக்கு, அது பொய்.

பத்தாவது நாள் தபால் படகுலேருந்து துவால் இறங்கினான். யாரோட கால்சட்டையோ போட்டிருந்தான், முழங்காலுக்கு மேல நின்னுச்சு. கக்கத்துல ஒரு பாட்டில்.

நடந்தது என்னன்னா, அலை அவனைக் கொண்டு போயி ஒரு குட்டிப் பாறை மேல போட்டிருக்கு. நிலக்கரிக் கப்பல் ஒண்ணு பனியில வழி தப்பி, வரவே கூடாத இடத்துல வந்து, அவன் கூச்சலைக் கேட்டுத் திரும்பியிருக்கு. அவனையும் தூக்கிக்கிச்சு, தானும் பிழைச்சுது. பயந்துபோன மாலுமிங்க இங்க நிக்காம நேரா தெற்கே போர்தோ துறைமுகத்துல போயி இறக்கி விட்டுட்டாங்க.

"விளக்கு இருந்திருந்தா அந்தக் கப்பல் இந்தப் பக்கமே வந்திருக்காது. நான் கட்டற விளக்குதான்டா என்னைக் கொன்னிருக்கும்!"னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்.

பெரின் வீட்டு வாசல்ல துக்கத்துக்குக் கறுப்புச் சாயம் போட்ட துணியை உலர்த்திட்டிருந்தா. இவனைப் பாத்தா. கிட்ட வந்தா. விட்டா ஒரு அறை.

"எல்லாத்துக்கும் சாயம் போட்டுட்டேனே, பாவி! உன் சட்டையைக் கூட விடலையே!"

அப்புறம்தான் அழுதா. பத்து நாள் அழுகையும் சேத்து.

துவால் நேரா கோயிலுக்குப் போனான். நானும் பின்னாலயே போனேன்.

"சாமி, நான் வந்துட்டேன். என்னை அந்தப் பெட்டியிலேருந்து எடுத்துடுங்க."

சாமி அவனை மேலயும் கீழயும் பாத்தாரு. அப்ப அவருக்கு வயசு முப்பதுதான். ஆனா பிடிவாதத்துக்கு அப்பவே எழுபது.

"எப்படி எடுக்கறது? கோனன் சிலுவை மேல கை வச்சு நீ முழுகினதைப் பாத்தேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். அவன் பொய் சொன்னேன்னு சொல்லட்டும், எடுத்துடறேன்."

"நான்தான் சாமி உங்க முன்னாடி நிக்கிறேனே! நானே சாட்சி!"

"செத்தவன் சாட்சி செல்லாது."

ரெண்டு பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. நான் கூரையைப் பாத்தேன். நல்ல கூரை அது, நார்வேக் கப்பல் மரம்.

"நான் பாத்தது பாத்ததுதான்"னேன். "மூணு தடவை."

துவால் கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாத்தான். அப்புறம், "சரி விடுங்க சாமி. செத்தா என்ன, பசி எடுக்காமலா போகப் போகுது"ன்னுட்டு வெளிய போயிட்டான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசினதில்ல.

செத்தவன் பொழைப்பு லேசுப்பட்டதில்ல. மறுவாரம் வேலைக்குப் போனான். எஞ்சினியர் பேரேட்டுல அவன் பேருக்கு மேல சிலுவை போட்டாச்சு, அடிக்க முடியாதாம். "செத்தவன் தம்பி"ன்னு எழுதிக்கிட்டாரு. பதினாலு மாசம் கழிச்சு அவனுக்குப் பையன் பொறந்தான், கூல்வென். அவன்தான் என் மாப்பிள்ளை. கோயில் பதிவுல சாமி என்ன எழுதினாருன்னா, "காலஞ்சென்ற துவாலின் மகன்". பெரின் படிக்கத் தெரிஞ்சவ. நேரா போயிக் கேட்டா:

"பதினாலு மாசமா சாமி? நான் என்ன, பசுவா?"

"பசுவுக்கு ஒன்பது மாசம்தான்மா"ன்னாரு சாமி. மாடு வளக்கறவரு.

விளக்கு கட்டி முடிக்க இன்னும் பதினோரு வருஷம் ஆச்சு. கல்லு மேல கல்லா ஏறிச்சு. ஒரு குளிர்காலத்துல மூணு வரிசைக் கல்லைப் பன்னி தின்னுட்டுது, மறுபடி வச்சாங்க. திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தாரு. அலை பெருசா இருந்ததால பாறை வரைக்கும் வரல, தூரத்துலேருந்தே தொப்பியைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டாரு. கதவுக்கு மேல ஒரு பித்தளைத் தகடு அடிச்சாங்க. மந்திரி பேரு, எஞ்சினியர் பேரு. வேலை செஞ்சவன் பேரு ஒண்ணு கூட இல்ல. கீழ மட்டும் ஒரு வரி: "இந்தப் பணியில் உயிர் நீத்த துவால் மல்கோன் நினைவாக." ஒரு சாவாவது இல்லேன்னா இத்தனை பெரிய வேலைக்கு மரியாதை இல்லேன்னு எஞ்சினியர் நெனச்சாரு போல. அந்தத் தகட்டை முதுகுல கட்டிக்கிட்டு ஏணியில ஏறி, நாலு ஆணி அடிச்சவன் யாரு? துவால்தான். அவனுக்கு எழுத்து தெரியாது. இறங்கினதும் ஃபியாக்ரு படிச்சுச் சொன்னான்.

"தெரிஞ்சிருந்தா கொஞ்சம் நேரா அடிச்சிருப்பேனே"ன்னான் துவால். இன்னிக்கும் அது கோணலாத்தான் இருக்கு.

போன வருஷம் எங்க பிள்ளைங்களுக்குக் கல்யாணம். சாமி கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை படிச்சாரு: "காலஞ்சென்ற துவால் மகன் கூல்வென்..." கடைசி பெஞ்சுலேருந்து காலஞ்சென்றவன் இருமினான். அதுவரைக்கும் வாடா போடான்னு இருந்தவங்க நாங்க. சம்பந்தின்னு ஆனதும் நீங்க வாங்கன்னு பேசிப் பாத்தோம், வாயே வரல. கடைசியில ரெண்டையும் கலந்துட்டான்: "சம்பந்தி, நீ ஒரு கழுதைடா."

இப்ப பேரன் பொறந்துட்டான். தலைச்சன் பையன்னா அப்பனோட அப்பன்தான் ஞானத்தகப்பனா நின்னு குழந்தையைக் கையில ஏந்தணும், தன் பேரைக் குடுக்கணும். பொறந்து வர்ற முதல் ஞாயித்துக்கிழமையே ஞானஸ்நானம் ஆயிடணும். இந்த ஒண்ணுக்காகத்தான் துவால் வாயைத் திறந்தான். இருபத்தாறு வருஷமா ஓட்டு வேண்டாம், பதிவு வேண்டாம், பென்ஷன் வேண்டாம்னு இருந்தவன், தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுச் சாமி முன்னாடி போயி நின்னான்.

"சாமி, இந்த ஒரு நாள் மட்டும் உயிரோட இருந்துக்கறேன்."

சாமிக்கு இப்ப மெய்யாவே வயசாச்சு. பிடிவாதம் மட்டும் அப்படியே இருக்கு. "செத்தவன் கையில குழந்தையைக் குடுக்க முடியாது. இன்னொரு தாத்தன் இருக்கான்ல? கோனன் நிக்கட்டும்."

உண்மையைச் சொன்னா எனக்குக் குஷி. கோனன்! என் பேரு! ஒரு நாள் பூரா தெருவுல விசில் அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

மறுநாள் துவால் குழந்தையைப் பாக்க வந்தான். கையை ரெண்டு தடவை கழுவினான். தொட்டில் பக்கத்துல நின்னான். தூக்கல. கையைப் பின்னால கட்டிக்கிட்டே நின்னான்.

"தூக்குடா"ன்னேன்.

"வேணாம். இன்னும் ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை. செத்தவன் தொட்டான்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான்." அப்புறம், "உன் பேரையே வை சம்பந்தி. நல்ல பேருதான். கொஞ்சம் கழுதைப் பேரு, ஆனா நல்ல பேரு"ன்னான். அந்தப் பெரிய காது ரெண்டும் தொங்கிப் போயிருந்துச்சு.

அவன் போனதும் அஸெனோர் என்னைப் பாத்தா. பிள்ளை பெத்த உடம்பு, சத்தம் போட முடியல. மெதுவாத்தான் கேட்டா. "அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருஷமா எங்க வச்சிருக்கீங்க?"

சனிக்கிழமை சாமிகிட்டப் போயி மெதுவா காதுல சொன்னேன். கேட்டுட்டு அந்தாளு என்ன சொன்னாரு தெரியுமா? "சத்தியம் ஊர் முன்னாடி பண்ணினே. ஊர் முன்னாடிதான் வாபஸ் வாங்கணும்."

நேத்து ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சதும் என்னை முன்னால நிக்க வச்சாரு. அன்னிக்கு மாதிரியே கோயில் நிறைய ஜனம். முன் வரிசையில துவாலும் பெரினும். கூல்வென் கையில இருந்த பையன் பசியில கத்திட்டிருந்தான்.

"அன்னிக்கு... நான் எதையும் பாக்கல"ன்னேன்.

"சத்தமா சொல்லு"ன்னாரு சாமி. "ஊருலயே பெரிய தொண்டைன்னு சொல்லிக்குவியே."

"பாக்கல! அலையையும் பாக்கல, அவன் முழுகினதையும் பாக்கல. படகு விளிம்புல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வாந்தி எடுத்துட்டிருந்தேன். எனக்குக் கடல் ஒத்துக்காது. சின்ன வயசுலேருந்தே ஒத்துக்காது. நிமிந்து பாத்தா துவாலைக் காணோம். அலை பாக்கறவன் வாந்தி எடுத்தான்னு வெளிய சொல்ல முடியுமா? எங்க அப்பன், தாத்தன், முப்பாட்டன் எல்லாரும் கடல்ல செத்தவங்க! அதான், மூணு தடவை மேல வந்தான்னு சொல்லிட்டேன்."

அப்புறம் பின்னாலேருந்து ஃபியாக்ரு பொண்டாட்டி: "அட கடவுளே! குளத்து வாத்து கூடக் குமட்டாம நீந்துது. தீவுல பொறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கலையாம்!"

ஆரம்பிச்சது சிரிப்பு. மாதா சொரூபம் ஆடற அளவுக்குச் சிரிச்சாங்க. இனிமே சாகற வரைக்கும் எனக்கு அதுதான் பேரு. கோனனாவது மண்ணாவது, எல்லாம் "வாந்தி"தான். இன்னிக்குக் காலையில ரொட்டிக்காரன் கூட, "ஐயா, வண்டி ஆடுது, தள்ளி நில்லுங்க"ன்னான்.

சாமி பெட்டியைத் திறந்தாரு. உள்ள பாத்தா சிலுவைங்க எல்லாம் இருபத்தாறு கோடை வெயில்ல உருகி ஒட்டி ஒரே கட்டியாக் கெடக்கு, ஒரு ஓரம் எலி தின்னது. எது துவால், எது ஃபியாக்ரு மாமன், யாருக்குத் தெரியும்? சாமி கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் கையால ஒரு முனையை ஒடிச்சு, "இந்தா, பிடி. உயிரோட இரு"ன்னு குடுத்தாரு. துவால் அதை மோந்து பாத்துட்டுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். ராத்திரி பூட்ஸ் தைக்கற நூலுக்கு அதைத்தான் தேச்சானாம்.

அப்புறம் கையை நீட்டினான். கூல்வென் குழந்தையை அதுல வச்சான். அத்தனை வருஷம் பாறையைக் கட்டிப் பிடிச்ச கை, நாலு கிலோவை முட்டையைப் பிடிக்கற மாதிரி பிடிச்சுது. பையன் கத்தறதை நிறுத்திட்டு அவன் காதைப் பிடிச்சுக்கிட்டான். பிடிக்க வசதியான காது. "பேரு என்ன?"ன்னு கேட்டாரு சாமி. "துவால்"னான். சாமி காதுல விழல. பெரின்தான் மறுபடி சத்தமா சொன்னா: "துவால்! நல்லா எழுதுங்க சாமி, இந்தத் தடவையாவது!"

இன்னிக்குக் காலையில விடிஞ்சதும் வந்துட்டான். கேக்காமலே குழந்தையைத் தூக்கினான், என் நாற்காலியில உக்காந்தான், என் காப்பியை எடுத்துக்கிட்டான். ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. கேட்டுட்டேன்.

"ஏன்டா, அன்னிக்கு உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா? நான் பாக்கலேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. தண்ணியிலேருந்து தலையைத் தூக்கினேன், படகைப் பாத்தேன். உன் மூஞ்சியைக் காணோம் சம்பந்தி. உன் பின்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சது."

"பாவி! அப்ப இருபத்தாறு வருஷமா ஏன்டா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

குழந்தை வாயைத் தன் சட்டையாலயே துடைச்சு விட்டான். ஒரு வாய் காப்பி குடிச்சான்.

"செத்தவன் சாட்சி செல்லாதுன்னு சாமிதானேடா சொன்னாரு."